ஒரு சிறு கத்தியின் வயது



வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கோயில்களும் கல்வெட்டுகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பெரியவை, ஊரறிந்தவை, அவற்றைக் காப்பதற்கு அரசின் துறைகள் இருக்கின்றன. ஆனால் நம் வீடுகளிலும் வரலாறு கிடக்கிறது. பரணின் மூலையிலும் மரப்பெட்டியின் அடியிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பாக்குவெட்டி, ஓர் எழுத்தாணி, ஒரு சிறு கத்தி ஆகியவை எந்த நாட்டில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்று நாம் கேட்பதில்லை. யாரேனும் கேட்டால், "எங்கள் பாட்டன் காலத்தது, நானூறு ஐந்நூறு ஆண்டு இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். பாட்டனுக்கும் நானூறு ஆண்டுக்கும் இடையே எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு பொருளின் வயதை அறிவது எங்ஙனம் என்பதை ஒரு சிறு கத்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லும்போது நான் செய்த பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் பிழையை ஆசிரியர் திருத்துவது நாள்தோறும் நடப்பது. ஆசிரியர் பிழையினின்று மாணவர் கற்றுக்கொள்வதும் கல்வியே ஆகும்.

1986ஆம் ஆண்டு. காரைக்கால் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் நான் வரலாற்றாசிரியனாகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பள்ளியில் பழம்பொருட்காட்சி ஒன்று வைக்க எண்ணி, வீட்டில் உள்ள பழைய பொருள்களைக் கொண்டுவருமாறு மாணவரிடம் கூறினேன். மரக்கால், படி, செப்புக்காசு, பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பத்திரங்கள் எனப் பலவும் வந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பட்டுத் துணியில் சுற்றி ஒரு சிறு கத்தி கொண்டுவந்தான். அது ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருந்தது. பிடி தட்டையானது, விரலளவே அகலம். அலகு மங்கிக் கறுத்துப்போயிருந்தது. பிடியும் கருநிறம், அக்கருமையின்மேல் பொன்னிறத்தில் ஒரு சாமந்திப் பூவும் ஓடுகின்ற நீரும் புடைத்துத் தோன்றின.

"ஐயா, இது எங்கள் தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்தது. ஜப்பானியப் படைத்தலைவர் ஒருவர் கொடுத்தாராம்" என்றான் மாணவன்.

நான் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. "ஜப்பானிய வீரர் இடையில் அணிந்த குத்துவாள், வயது ஏறத்தாழ 400 ஆண்டு" என்று அட்டையில் எழுதிவிட்டேன். அத்துடன் நின்றிருந்தாலும் குற்றம் சிறிதாக இருந்திருக்கும். "இவ்வளவு கறுத்திருந்தால் காட்சிக்கு அழகாக இராது; புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிக்கொண்டு வா" என்றும் சொல்லி அனுப்பினேன். ஆசிரியர் சொல்லை வேதமாகக் கொண்ட அந்தப் பிள்ளை மாலை முழுவதும் கிணற்றடியில் அமர்ந்து தேய்த்தான். மறுநாள் அலகு வெள்ளிபோல் மின்னியது. பிடி செம்பு நிறமாகிவிட்டது. பார்த்தவர் எல்லோரும் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

அந்தக் கத்தி உண்மையில் என்ன என்பதை அறிய எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நான் அறிந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலில், ஜப்பானியப் பொருள் ஒன்று காரைக்காலுக்கு எவ்வாறு வந்தது? 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1859இல் அவர்கள் சைகோன் நகரைக் கைப்பற்றினர். அதன்பின் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பலர் கடல் கடந்து அந்நாட்டிற்குச் சென்று எழுத்தராகவும் காவலராகவும் வரி தண்டுவோராகவும் வணிகராகவும் வாழ்ந்தனர். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிச்சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு அங்கே வேலைவாய்ப்பு மிகுந்திருந்தது. 1940ஆம் ஆண்டு முதல் 1945 வரை ஜப்பானியப் படைகள் இந்தோசீனத்தில் இருந்தன. ஆகவே சைகோன் வழியாக ஒரு ஜப்பானியக் கத்தி நம் ஊருக்கு வந்தது என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. குடும்பத்தார் சொன்ன செய்தியில் ஊர்ப்பெயர் நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆனால் ஒரு கதையில் ஒரு பகுதி உண்மையாக இருப்பதால் கதை முழுவதும் உண்மையாகிவிடாது. இதை நான் அன்று மறந்தேன்.

இனி அந்தப் பொருளைப் பார்ப்போம். ஜப்பானிய வீரர் அணிந்த வாளின் உறையில், உடலை ஒட்டிய பக்கத்தில், ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் ஒரு சிறு கத்தி செருகப்பட்டிருக்கும். கத்தியின் அலகுக்குக் கொகதானா என்று பெயர். பிடிக்குக் கொஸுகா என்று பெயர். பிடி ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. உட்புறம் கூடாக இருக்கும். அலகின் வால்பகுதி அதனுள் செருகி நிற்கும். வாளை உறையிலிருந்து உருவாமலே இச்சிறு கத்தியை எடுக்கும்படி வாளின் கைகாப்புத் தகட்டில் ஒரு துளையும் இருக்கும். இது போருக்குரிய ஆயுதமன்று. காகிதம் அறுக்கவும் குச்சி சீவவும் உதவிய கைக்கத்தியே ஆகும். நம் நாட்டுக் கணக்கர் இடுப்பில் எழுத்தாணியும் கத்தியும் செருகியிருந்ததை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆகவே "குத்துவாள்" என்று நான் எழுதியது முதற்பிழை.

இப்பிடிகளின் காலத்தை அறிய முதலில் உலோகத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானியக் கைவினைஞர் செம்பிலே சிறிதளவு பொன்னைச் சேர்த்து ஒரு கலப்பு உலோகம் செய்தனர். அதற்கு ஷகுடோ என்று பெயர். வார்த்தவுடன் அது செம்பு நிறமாகவே இருக்கும். செப்பு உப்புகள் கலந்த நீரில் அதைக் காய்ச்சும்போது மேற்பரப்பில் நீலம் கலந்த கருமை படரும். காக்கைச் சிறகில் வெயில் பட்டாற்போன்ற அந்த நிறத்திற்காகவே பொன்னைச் சேர்த்தனர். செம்புடன் ஏறத்தாழ கால் பங்கு வெள்ளி சேர்த்துச் சாம்பல் நிறம் பெற்ற உலோகத்திற்கு ஷிபுயிச்சி என்று பெயர். நான் அழுக்கு என்று எண்ணித் தேய்க்கச் சொன்ன கருமை அழுக்கன்று. பொன் கொடுத்து வாங்கிய நிறம் அது. கைவினைஞன் நாள்கணக்கில் உழைத்து ஏற்றியதைக் கைப்பிடிப் புளி ஒரு மாலையில் அழித்துவிட்டது.

அடுத்துப் பார்க்க வேண்டியது தரை வேலை. பூவையும் நீரையும் சுற்றியுள்ள வெற்றிடத்தில் மீன்சினை போன்ற நுண்ணிய புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். குழிமுனை உளியை ஒவ்வொரு முறையும் தட்டி ஒவ்வொரு புள்ளியாக எழுப்புவர். இதை நனாகோ என்பர். நல்ல கையால் செய்த வேலையில் புள்ளிகள் தனித்தனியாக, உருண்டையாக, வரிசை தவறாமல் நிற்கும். பிற்காலத்தில் அச்சில் வார்த்தெடுத்த போலிகளில் புள்ளிகள் ஒன்றோடொன்று மழுங்கிக் கலந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் பள்ளி மாணவனும் இவ்வேறுபாட்டைக் காணலாம்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, வேலையின் மரபு. கோத்தோ என்னும் குடும்பத்தின் முதல்வரான யூஜோ 1440 முதல் 1512 வரை வாழ்ந்தவர். அஷிகாகா யோஷிமாசா என்னும் ஆட்சித் தலைவரிடம் பணிபுரிந்தவர். அக்குடும்பத்தின் தலைமைக் கிளை பதினேழு தலைமுறைகள் இத்தொழிலை நடத்தியது. கருநிலத்தில் மீன்சினைப் புள்ளியும் அதன்மேல் பொன்னாலான சிங்கம், நாகம், செடிகொடிகளும் அவர்களது அரசவை நடை. யோகோயா ஸோமின் (1670-1733) போன்றவர்கள் அந்த நடையினின்று விலகி, நகர மக்களின் சுவைக்கேற்பத் தூரிகைக் கோடுபோல் உளியை ஓட்டிச் சித்திரம் வரைந்தனர். ஆகவே சித்திரத்தின் நடையைக் கொண்டு எம்மரபு என்று ஓரளவு கூறலாம். ஆனால் பழைய நடையைப் பிற்காலத்தவரும் பின்பற்றுவர். நடை ஒன்றையே நம்பி ஆண்டு சொல்லிவிடக் கூடாது.

நான்காவதாக, ஓர் ஆண்டெல்லை உண்டு. 1876ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானிய அரசு, பொதுமக்களும் பழைய வீரர் குலத்தாரும் வாள் அணிந்து நடமாடுவதைத் தடை செய்தது. படையினருக்கும் காவலருக்கும் சில அதிகாரிகளுக்கும் மட்டுமே விலக்கு இருந்தது. வாள் அணிகலன்கள் செய்த குடும்பங்கள் பல பிழைப்பை இழந்தன. சிலர் வெளிநாட்டாருக்கு விற்பதற்காக மலர்ச்சாடிகளும் பேழைகளும் செய்யத் தொடங்கினர். வீரர் வீடுகளில் இருந்த பிடிகள் ஆயிரக்கணக்கில் சந்தைக்கு வந்து கப்பலேறின. அவற்றை வாங்கிய ஐரோப்பியர் என்ன செய்தனர் தெரியுமா? பழைய சிறு அலகைக் கழற்றிவிட்டு, அதே பிடியில் வெள்ளி அலகு பொருத்தி, விருந்து மேசையில் பழம் நறுக்கும் கத்தியாக்கினர்!

என் மாணவனின் கத்தி அத்தகையதே. 1997இல் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய வாள்களைக் கண்டேன். அவற்றைப்பற்றிப் படிக்க வேண்டும் என்னும் ஆவல் எழுந்தது. படித்த நூலொன்றில் கரிய கொஸுகா ஒன்றின் படத்தையும் அந்தக் கருமை எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்னும் விளக்கத்தையும் கண்டபோது என் நெஞ்சு திடுக்கிட்டது. ஊர் திரும்பியதும் அந்த மாணவனின் வீட்டைத் தேடிச் சென்றேன். கத்தியைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூவிதழின் மடிப்புகளில் மட்டும் பழைய கருமை ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரங்களில் புள்ளிகள் தேய்ந்து போயிருந்தன. நடுவில் இன்னும் வரிசையாக நின்றன. அலகில் நான்கு சிறு முத்திரைகள் தெரிந்தன. ஒன்று நங்கூரம், ஒன்று நடக்கும் சிங்கம், ஒன்று ஓர் அரசியின் தலை, ஒன்று ஆங்கில எழுத்து.

இம்முத்திரைகளை அப்போது நான் படித்தறிந்திருந்தேன். இங்கிலாந்தில் வெள்ளிப் பொருள்களைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு அடையாளம். நங்கூரம், பர்மிங்காம் நகரச் சோதனைச்சாலையின் குறி. அச்சாலை தொடங்கிய ஆண்டு 1773. அரசியின் தலை, வரி செலுத்தியதற்கு அடையாளம். அவ்வழக்கம் 1890இல் ஒழிந்தது. தலை விக்டோரியா அரசியுடையது. ஆகவே ஆண்டு 1837க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. நான்காவதான எழுத்து ஆண்டுதோறும் மாறுவது; அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டே தெரிந்துவிடும். எங்கள் கத்தியில் அந்த எழுத்தின் பாதி, சாம்பல் தேய்ப்பில் மழுங்கிப் போயிருந்தது. அதற்கும் நானே காரணம்.

ஆயினும் முடிவு தெளிவாகிவிட்டது. அலகு 1890க்குள் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அலகைப் பொருத்தும் நாளில் பிடி இருந்திருக்க வேண்டும். ஆகவே பிடி அதற்கும் முற்பட்டது. வரலாற்றுக் கணக்கில் இதை மேல் எல்லை என்று சொல்லுவோம். கீழ் எல்லையை நடையும் உலோகமும் காட்ட வேண்டும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உண்மை இருக்கும். அதற்குமேல் சான்று வரும்வரை, அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைப்பதுதான் நேர்மை. ஒரே எண்ணாகச் சொன்னால்தான் அறிவு என்று எண்ணுவது இளமையின் பிழை. நான் எழுதிய "400" அப்படிப்பட்ட எண்.

ஜப்பானிய வீரன் ஒருவனும் இந்த அலகைத் தன் இடையில் செருகியதில்லை. அது ஜப்பானில் பிறந்த பிடியும் இங்கிலாந்தில் பிறந்த அலகும் சேர்ந்து ஏதோ ஒரு வெள்ளைக்காரர் மேசையில் ஆரஞ்சுப் பழம் நறுக்கிய கத்தி. பின்பு சைகோன் போய், அங்கிருந்து காரைக்கால் வந்தது. சொல்லப்போனால், நான் கட்டிய கதையைவிட இந்த உண்மை பெரிது. ஒரு சாண் பொருளில் நான்கு துறைமுகங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது!

ஜப்பானிய அலகே இருந்திருந்தால் அதில் செதுக்கிய பெயரைக் கொண்டு காலம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் எச்சரிக்கை வேண்டும். இச்சிறு அலகுகளில் புகழ்பெற்ற பழைய வாட்கொல்லர்களின் பெயர்களை அழகுக்காகவே பிற்காலத்தவர் செதுக்கிவந்தனர். ஐரோப்பிய வாள்களிலும் இவ்வழக்கம் உண்டு. அந்திரேயா பெராரா என்னும் பெயர் நூற்றுக்கணக்கான வாள்களில் காணப்படுகிறது. அவற்றுள் பல செருமனியில் செய்யப்பட்டவை. பெயர் ஒரு சாட்சி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

மாணவர்களே, பிடி ஒரு நாட்டிலும் அலகு ஒரு நாட்டிலும் பிறப்பது ஜப்பானியக் கத்திக்கு மட்டும் உரிய விந்தையன்று. நம் தஞ்சை நாட்டிலேயே அதற்குச் சிறந்த சான்று உண்டு.

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாரிக்கு மற்றக் கத்திகளைப்போல் நீண்ட பிடி இல்லை. இருபுறமும் இரண்டு சட்டங்கள். நடுவே குறுக்குப் பிடி. பிடித்து ஓங்கினால் அலகு முட்டியின் நேராக நிற்கும். பழைய தென்னாட்டுக் கட்டாரிகளில் கையின் புறத்தைக் காக்கப் பாய்போல் விரிந்த தகடு ஒன்று உண்டு. அதில் யாளி முகமும் கொடிக்கருக்கும் எஃகிலேயே செதுக்கப்பட்டிருக்கும். அத்தகையவை விசயநகர, நாயக்கர் காலங்களைச் சேர்ந்த 16, 17ஆம் நூற்றாண்டு வேலைகள். பின்வந்த காலத்தில் தகடு சிறுத்து மறைந்தது. இவ்வாறு பிடியின் வடிவமே காலத்தைக் காட்டுகிறது. ஆனால் அலகைப் பாருங்கள்! பலவற்றில் இருப்பது ஐரோப்பாவில் செய்த நீண்ட வாளின் துண்டு. அதைக் கட்டாரிக்கு வேண்டிய நீளத்திற்குக் குறைத்து, இரண்டு எஃகு நாக்குகளுக்கிடையே வைத்துத் தறையாணி அடித்திருக்கிறார்கள். நீளவாக்கில் ஓடும் பள்ளக்கோடுகள் அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஐரோப்பிய அலகு இங்கே எப்படி வந்தது என்பதற்கு நம் கடற்கரையே விடை. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருந்தனர். 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் இருந்தனர். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை தேனியர் இருந்தனர். இவ்விரண்டுக்கும் நடுவே காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். வடக்கிலிருந்து தெற்காக ஒரு நாள் நடையில் மூன்று நாட்டுக் கொடிகளைப் பார்க்கத்தக்க கரை இது. நெல்லும் துணியும் கப்பலேறின. பிற நாட்டுப் பொருள்கள் இறங்கின.

1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆயுதசாலையில் குவிந்து கிடந்தவற்றில் தேர்ந்தெடுத்த சில சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. சில பிறரிடம் போய்ச் சேர்ந்தன. எஞ்சிய பெருங்குவியலை உடைத்துப் பழைய உலோகமாக விற்றுவிட்டனர். வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர் 1878இல் "இந்தியன் ஆண்டிகுவரி" இதழில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதினார். இன்று தஞ்சைக் கட்டாரி என்று சொல்லத்தக்கவற்றைக் காண வேண்டுமாயின் சென்னைக்கும் நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் போன்ற அயல்நாட்டு நிறுவனங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. எந்த அறையில், எதன் பக்கத்தில், யாருடைய பெயரோடு ஒவ்வொன்றும் இருந்தது என்ற குறிப்பு இருந்திருந்தால் எத்தனை ஐயங்கள் தீர்ந்திருக்கும்! பொருள் அழிந்தது ஒரு இழப்பு. எஞ்சிய பொருளின் பிறப்புச் செய்தி அழிந்தது மற்றோர் இழப்பு.

கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் கண்டி அரசின் சிறு கத்திகளைக் காணலாம். யானைத்தந்தம், கொம்பு, வெள்ளி, பித்தளை ஆகியவற்றால் ஆன வளைந்த பிடி. கொடிக்கருக்கு நிறைந்த வேலை. அலகின் அடியில் வெள்ளி பதித்த அலங்காரம். பலவற்றில் அதே உறையில் துணையாக ஓர் எழுத்தாணி. அரசனுக்கென்று பணிபுரிந்த நான்கு பட்டறைகளின் கைவினைஞர் செய்த உயர்ந்த வேலைகள் இவற்றுள் உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் தமிழகத்திலிருந்து சென்ற நாயக்கர் வழியினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1815இல் அரசு வீழ்ந்ததும், ஜப்பானில் 1876க்குப்பின் நேர்ந்ததுபோலவே, அரண்மனைக் கைவினைஞர் ஆதரவிழந்தனர். ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908இல் வெளியிட்ட நூலில் அக்கலைகளை எழுதி வைத்திராவிட்டால் கருவிகளின் பெயர்கூட நமக்கு எஞ்சியிருக்குமோ, அறியோம்.

இனி நம் வீட்டுக்கே வருவோம். ஜப்பானியச் சிறு கத்திக்கு நம்மிடம் நேர் உறவு மடக்கெழுத்தாணி. டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் அவர்கள் தம் வரலாற்று நூலாகிய "என் சரித்திரம்" என்பதில் எழுத்தாணியின் வகைகளைக் குறிப்பிடுகிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என அவை வழங்கின. மடக்கெழுத்தாணியில் ஒருபுறம் ஓலை வாரும் கத்தி; மறுபுறம் எழுதும் ஆணி; இரண்டையும் பிடிக்குள் மடக்கி வைக்கலாம். பிடி மரத்தாலும் தந்தத்தாலும் கொம்பாலும் அமையும். இப்படி ஒன்று உங்கள் வீட்டில் கிடைத்தால் மூன்று உறுப்புகளையும் தனித்தனியே விசாரியுங்கள். எழுதி எழுதி ஆணி தேயும். ஊர்க்கொல்லன் புதிய ஆணி பொருத்துவான். கத்தி ஒடியும், கடையில் வாங்கிய அலகு அதன் இடத்திற்கு வரும். பிடி மட்டும் தாத்தாவுக்குத் தாத்தா பிடித்ததாக இருக்கலாம்.

விசாரணைக்கு உதவும் சில அடையாளங்களைச் சொல்லுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பிடி யானைத்தந்தமா என்றறிய வெட்டுமுகத்தைப் பாருங்கள். தந்தமாயின் நுண்ணிய கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு வலைபோல் தெரியும். எலும்பாயின் கரிய சிறு புள்ளிகளும் கீறல்களும் தெரியும். கோடுகள் ஒன்றுக்கொன்று ஒரே இணையாக ஓடினால் அது செல்லுலாய்டு என்னும் செயற்கைப் பொருளாக இருக்கக்கூடும். விரலால் நன்றாகத் தேய்த்தால் கற்பூர வாடை வீசும். செல்லுலாய்டு 1870ஐ ஒட்டியே விற்பனைக்கு வந்தது. பிடியில் அலுமினியம் இருந்தால் 1886க்குப் பிற்பட்டது எனலாம். அவ்வாண்டில்தான் அவ்வுலோகத்தை மலிவாகப் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. தறையாணிக்குப் பதில் ஒரே அளவான மரையுள்ள திருகாணி இருந்தால் அது எந்திரம் வந்த காலம். ஒரு நாட்டின் பெயர் அலகில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது அதற்குப்பின். 1887இல் இங்கிலாந்தும் 1890இல் அமெரிக்காவும் இறக்குமதிப் பொருள்களின் பிறப்பிடம் பற்றிச் சட்டம் செய்தன. அமெரிக்காவுக்குச் சென்ற ஜப்பானியப் பொருள்களில் 1921 வரை "நிப்பான்" என்றும் அதன்பின் "ஜப்பான்" என்றும் பொறித்தனர். எழுத்தாணியைப் பொறுத்தவரை, தரங்கம்பாடிக்கு 1712இல் அச்சுப்பொறி வந்ததும் ஓலை மறைந்துவிடவில்லை என்பதை மறவாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திண்ணைப் பள்ளிகளில் அது புழங்கியது. ஆகவே எழுத்தாணி என்ற ஒன்றைக் கொண்டே மிகப் பழையது என்று முடிவுகட்ட இடமில்லை.

இவற்றையெல்லாம் பார்க்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒன்றும் செய்யாதிருப்பதே அது. புளி வேண்டா, எலுமிச்சை வேண்டா, செங்கற்பொடி வேண்டா, கடையில் விற்கும் பளபளப்புப் பசையும் வேண்டா. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். படிந்த நிறமும் ஒட்டிய மெழுகும் கைபட்ட தேய்வும் சான்றுகள். பிறகு, வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே நாள் குறித்து எழுதி வையுங்கள். "அவர் சொன்னது", "நான் கண்டது", "நான் கருதுவது" என்று மூன்று பத்திகளாக எழுதினால் நலம். மூன்றையும் ஒன்றாகக் கலந்ததே 1986இல் நான் செய்த குற்றம்.

காலம் அறிவது பொழுதுபோக்கு மட்டுமன்று. சட்டமும் அதைப் பொறுத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் குற்றம். அதே ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானைத்தந்த வாணிகத்தைத் தடை செய்திருக்கின்றன. ஆகவே தவறான வயது சொல்லும் ஆசிரியரும் சரியான வயதை மறைக்கும் தரகரும் ஊருக்குத் தீங்கே செய்கிறார்கள்.

அந்த மாணவனின் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நான் எழுதிய அட்டைக்குமுன் அக்கத்தியை யாரும் பொருட்படுத்தியதில்லை. "நானூறு ஆண்டு" என்ற சொல் பரவியதும் அதற்கு விலை பேசுவார் வந்தனர். பாகப் பிரிவினையில் அண்ணன் தம்பி இருவரும் அதைக் கேட்டனர். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டனர். பதினோரு ஆண்டுக்குப்பின் நான் சென்றபோதுதான் இதை அறிந்தேன். வீட்டுப் பாட்டியம்மாள் என்னைத் திண்ணையில் அமர்த்தி, "நீங்கள்தானே தம்பி எழுதிக் கொடுத்தீர்கள்?" என்றார். குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் சகோதரர் இருவரையும் ஒரே நாளில் வரச்செய்து, கண்ணாடியைக் கையிற் கொடுத்து, நங்கூரத்தையும் சிங்கத்தையும் காட்டினேன். என் பிழையையும் சொன்னேன். ஒருவரும் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா இதை வைத்து மாம்பழம் நறுக்குவார், நினைவிருக்கிறதா?" என்று தம்பியைக் கேட்டார். பல ஆண்டுகளுக்குப்பின் அவர்கள் பேசிக்கொண்ட முதற்சொல் அதுவாம்.

கத்தி இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறது. அதனுடன் நான் எழுதிய புதிய அட்டையும் இருக்கிறது. அதில் பிடியின் செய்தி ஒரு வரி. அலகின் செய்தி ஒரு வரி. சைகோன் செய்தி ஒரு வரி. நான்காவது வரி இது: "1986இல் இதன் கருமை வரலாற்றாசிரியர் ஒருவரின் சொல்லால் தேய்க்கப்பட்டது." அதுவும் இப்போது அக்கத்தியின் வரலாறு.

உங்கள் வீட்டில் இன்று மாலை பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைத்ததைத் துலக்காதீர்கள்; விற்காதீர்கள்; உடனே வயது சொல்லாதீர்கள். முதலில் பிடியை ஒருமுறையும் அலகை ஒருமுறையும் தனித்தனியே பாருங்கள்.